நடு மேசை

வெள்ளானூர் ஜெகதீஷுக்கு வீடு, வேலை, மனைவி என்று எதிலும் குறை கிடையாது. இருந்த ஒரே குறை ஒரு மேசையைப் பற்றியது.

அம்பத்தூரில் ஒரு சின்னக் கூடத்தில், வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கூடுவார்கள். பொழுதுபோக்காகப் பிளாஸ்டிக்கில் குட்டி விமானங்களும் டாங்கிகளும் செய்கிறவர்கள். பரிசு, கோப்பை ஒன்றும் இல்லை. இருப்பதிலேயே நன்றாக வந்த உருப்படியை எல்லோருமாகப் பேசி நடு மேசையில், விளக்குக்கு நேர் கீழே வைப்பார்கள். ஆறு வருடமாக அங்கே நின்றது ஜெகதீஷின் விமானம்தான்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் பெயின்ட் அடித்து வரும் இரும்புப் பாகங்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. மேற்பரப்பில் ஒரு தூசி இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணே போன வருடம் அவனுக்குப் பகையாகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்திருந்த கிருஷ்ணப்பிரியாவின் விமானம் மூலை மேசையில் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், ஐ.டி. வேலை, மாங்காட்டில் குடியிருப்பு. ஜெகதீஷ் குனிந்து இறக்கையிலிருந்த வட்டச் சின்னத்தைப் பார்த்தான். இந்தச் சின்னங்களை யாரும் கையால் வரைவதில்லை. டீகால் என்கிற மெல்லிய படத்தை நீரில் ஊறவைத்து, வழுக்கி ஒட்டுவார்கள். எவ்வளவு பதமாக ஒட்டினாலும் ஓரத்தில் ஒரு மினுக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அவளுடையதில் ஓரமே தெரியவில்லை. இறக்கையின் தகட்டுக் கோடுகள் படத்துக்குள்ளும் பள்ளமாக ஓடின. மூலையில் இருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவன் ஒருவன் கவனித்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

"இன்னாய்யா, யாராவது செத்துப் பூட்டாங்களா?" என்றாள் மனைவி கோமளா.

இந்த வருடம், கூடுவதற்கு முதல்நாள் சனிக்கிழமை காலையில், கிருஷ்ணப்பிரியா ஓர் அட்டைப்பெட்டியோடு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"அண்ணா, டீகாலை இளக்குற மருந்து தீர்ந்துபோச்சுங்க. உங்ககிட்ட கொஞ்சம் இருக்குங்களா? வால் பக்கம் மட்டுந்தான் பாக்கி. இங்கயே உக்காந்து முடிச்சுக்கிறேன்."

பெட்டியைத் திறந்தாள். ஜெகதீஷ் குனிந்து பார்த்தான். நாளைக்கு நடு மேசை யாருக்கு என்று இனி யாரும் பேசவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவன் கண் பார்த்துவிட்டது. பெயின்டுக்கு மேலே வார்னிஷ் இல்லை. அவள் இதுவரை போட்டது மெதுவான மருந்து, அதனால் தாங்கியிருக்கிறது. அவனிடம் இரண்டு புட்டி உண்டு. வெள்ளை மூடி போட்டது சாது. சிவப்பு மூடி முரடு. தடித்த டீகாலையும் படியவைக்கும், ஆனால் வார்னிஷ் இல்லாத பெயின்டில் பட்டால் அரித்துவிடும்.

கை வெள்ளை மூடிக்குத்தான் போனது. போய், சிவப்பை எடுத்தது.

"இந்தாம்மா. தாராளமா போட்டுக்கோ."

அவள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கரண்டியை எடுத்தாள். விமானத்தின் அதே சாம்பல் நிறம்.

"எதுக்குப் பெயின்ட் அடிச்சாலும் கூடவே ஒரு கரண்டிக்கும் அடிச்சு வெச்சுக்குவேனுங்க. புது மருந்துன்னா முதல்ல இவனுக்குத்தான்."

உபரி டீகாலில் ஒரு துண்டு நறுக்கிக் கரண்டியில் ஒட்டி, தூரிகையால் ஒரு துளி வைத்தாள். படம் பாலாடை போலச் சுருங்கியது. ஜெகதீஷாக இருந்தால் அந்நேரம் விரல் பரபரக்கும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கால் மணி நேரம் கழித்து டிஷ்யூ ஓரத்தால் ஒற்றினாள். சாம்பல் பெயின்ட் டிஷ்யூவோடு வந்தது. கீழே கரண்டியின் வெள்ளை தெரிந்தது.

"அய்யோ, பெயின்டையே தின்னுருச்சுங்களே! நல்லவேளைங்ணா."

முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம்போல் இருந்தது.

"அப்ப இன்னிக்கு வார்னிஷ் அடிச்சுட்டு அதுமேல ஒட்டிரட்டுமா? எவ்வளவு நேரம் காயணுங்க?"

ஒரு மணி நேரம் போதும் என்ற பொய் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஈர வார்னிஷ்மேல் அந்த மருந்து பட்டால் வால் கந்தலாகிவிடும்.

"ஒரு..." என்று தொடங்கினான்.

"ஒரு நாளு!" டீ தம்ளர்களோடு வந்த கோமளா முடித்தாள். "ஒரு நாள் முச்சூடும் காயணும்மா. தூசி ஒட்டிக்கும்னு ஃபேன் கூட போட உடமாட்டாரு. இந்த ஊட்ல நாங்க வெந்து கருவாடா பூடுவோம். இல்லியாய்யா?"

கேட்டபோது அவள் பார்வை அவன்மேல் இல்லை. மேசையில் இருந்த சிவப்பு மூடியின்மேல் இருந்தது.

"ஆமா, ஒரு நாள்" என்றான். அதற்குமேல் வாயை மூட முடியவில்லை. "ஜன்னலத் தொறந்து வெச்சிக்கோ, வாடை ஏறும். மருந்து கொஞ்சமா தொட்டு வை. தேங்கி நின்னா டிஷ்யூ ஓரத்தால உறிஞ்சிடு. சுருங்குதேன்னு கை வெக்காத, காயறப்ப தானா படியும்." கடைசியில் வெள்ளை மூடிப் புட்டியையும் கொடுத்தான். ஒவ்வொரு சொல்லும் சொந்தச் சட்டைப்பையிலிருந்து போவதுபோல் இருந்தது.

அவள் போனதும் கோமளா தம்ளரை எடுத்தாள். "செவப்ப எதுக்குக் குட்த்த?"

"தெரியாம எட்துட்டேன்."

"ஆறு வருசமா தெரிஞ்சது, இன்னிக்கித் தெரில?" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு மாலை கிருஷ்ணப்பிரியாவின் விமானம் விளக்குக்கு நேர் கீழே நின்றது. ஜெகதீஷ் வாலைக் குனிந்து பார்த்தான். ஓரம் தேடினான். கிடைக்கவில்லை.

"எப்படிம்மா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"எல்லாம் ஜெகதீஷ் அண்ணா சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள் அவள். எல்லோரும் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நடு மேசை போனதுகூட இவ்வளவு எரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். கோமளா சந்தோஷமாகச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து பார்த்தபோது, ஜன்னலோரம் இரண்டு கரண்டிகள் சாம்பல் பெயின்டில் காய்ந்துகொண்டிருந்தன.

"இன்னாய்யா இது?"

"ஒண்ணுமில்ல" என்றான் ஜெகதீஷ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஃபேன் போடாத."