ரிசப்ஷனில் நான் உட்கார்ந்ததே இல்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், நான் சிகிரியா பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்வார்கள். வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் அறைச் சாவி எடுத்துக் கொடுப்பது நானாம். இதை ஊருக்குச் சொன்னது என் அம்மா. ஆரம்பத்தில் வெறும் ரிசப்ஷன் என்றுதான் சொல்லி வந்தாள். சில வருடங்கள் போனதும், ஒரே வேலையில் மகள் தேங்கிக் கிடப்பது அவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, 'ரிசப்ஷனுக்கு ஹெட்டு' என்று பதவி உயர்த்திவிட்டாள்.

உண்மையில் அந்த மேசைக்குப் பின்னால் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நான் ஆட்டக்காரி. ஸ்பெயின் ஆட்டம், ஹவாய் ஆட்டம், அரபு நாட்டு இடுப்பாட்டம், ஆப்பிரிக்க ஆட்டம் எல்லாம் ஆடுவேன். மாத்தளை மாவட்டத்தில் உலக நடனங்களை மேடையேற்றிய முதல் பெண் என்று ஹோட்டல் சுவரில் என் படத்துக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது பெண் இன்னும் வரவில்லை, அதனால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் பெரிய கனவு கண்டெல்லாம் இல்லை. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அந்த ஹோட்டலில் அறை துப்புரவுக்குப் போனேன். மாலையில் அங்கே கண்டிய நடனக் கோஷ்டி ஒன்று ஆடும். ஒரு நாள் கோஷ்டியிலிருந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. அவள் உடுப்பு எனக்கு அளவாக இருந்தது. அதுதான் என் தகுதி. பின்வரிசையில் நின்று, முன்னால் இருப்பவள் செய்வதை ஒரு நொடி தாமதமாகச் செய்தேன். அதையும் ஒரு பாணி என்று நினைத்து ஜெர்மன்காரர் ஒருவர் கை தட்டினார். பிறகு அறை துப்புரவுக்கு என்னால் மனம் வைத்துப் போக முடியவில்லை.

அதன்பின் சிகிரியா படியில் கால் பிசகிய ஒரு ஸ்பெயின்காரி ஹோட்டலிலேயே முடங்கிக் கிடந்தாள். என் வயதுதான் இருக்கும். பொழுது போகாமல், சமையலறைக்குப் பின்னால் சிமெந்துத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டித் தன் ஊர் ஆட்டத்தை என்னை ஆடச் சொன்னாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது, ஆனால் திட்டுவது இருவருக்கும் புரிந்தது. ஆட்டம் என்றால் சிரித்துக்கொண்டே ஆட வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, யாரையோ ஒரு வழி பண்ணப் போகிறவள் மாதிரித் தரையை மிதிக்கிற ஆட்டம். கோபம் எனக்குக் கைவசம் நிறையவே இருந்தது. மேனேஜரின் முகத்தை நினைத்தாலே போதும், கால் தானாக எழும்பும்.

ஹவாய் ஆட்டத்தை ஒரு ஜப்பான் பெண்ணிடம் கற்றேன். அவள் ஹவாய்க்குப் போனதில்லை, நானும் போனதில்லை. பார்க்க வந்தவர்களும் போனதில்லை என்பதால் நல்ல பெயர் கிடைத்தது. அதற்கான பாவாடையை வாழை நாரில் நானே கட்டினேன். அதைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, நாவுலயில் ஏறிய ஒரு சிங்கள அம்மா வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாரைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை மாடு தின்னுமா என்று கேட்டாள். தின்னாது, இது ஹவாய் என்றேன். மாத்தளை வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

மற்ற உடுப்புகளைத் தைத்தது மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த தையல்கார நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். அரபு நாட்டு ஆட்டத்துக்கான படத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தங்கச்சி, இந்தப் படத்துல துணி போதாமப் போயிருக்கு. வயித்துப் பக்கத்த யாரோ வெட்டி எடுத்துட்டாங்க."

"இல்ல நானா, அது அப்படித்தான் தைக்கணும்."

"அல்லாவே! அரபியில இப்படியா உடுத்துறாங்க? எங்கட ஆக்கள் ஹஜ்ஜுக்குப் போய் வந்தாங்களே, ஒருத்தர்கூட இதச் சொல்லல்லியே."

கடைசியில் தைத்துத்தான் கொடுத்தார். போட்டுப் பார்த்தால், மேலுக்கும் கீழுக்கும் நடுவில் தோல் நிறத்தில் கெட்டித் துணி வைத்து, உள்ளே லைனிங்கும் கொடுத்திருந்தார். இடுப்பை எவ்வளவு ஆட்டினாலும் தலையணை அசைகிற மாதிரிதான் தெரிந்தது. நான் சண்டை போட்டேன். குளிர் காலத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காற்சட்டையை எடுத்துக்கொண்டார்.

மேடையில் என்னை அறிவிக்கிற தம்பிக்கோ நான் மாத்தளைக்காரி என்று சொல்ல வாயே வராது. ஸ்பெயின் ஆட்டத்தன்று ஸ்பெயினிலிருந்து வந்திருப்பதாக அறிவிப்பான். ஒரு தடவை ஆடி முடித்து இறங்கினால், நிஜ ஸ்பெயின்காரர் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசத் தொடங்கினார். எந்த ஊர் என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. முகத்தைக் கொஞ்சமும் தளர்த்தாமல், "ரொம்ப தூரங்க, மலைப்பக்கம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் பெரிதாகத் தலையாட்டினார். தன் நாட்டில் தனக்குத் தெரியாத ஒரு மலையில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று நினைத்திருப்பார் பாவம்.

இப்படி யார் யாரோ பார்த்தார்கள். பார்க்காத ஒரே ஆள் என் அம்மா.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு என்னை ஒற்றையாக ஆளாக்கியவள். நான் ஆடுகிறேன் என்று முதன்முதலில் சொன்ன நாள் அடுப்படியில் உட்கார்ந்தபடி, "கூத்தாடியா போறதுக்கா ஒன்னப் படிக்க வெச்சேன்? ஆடுறவளக் கட்டிக்க எவன் வருவான்?" என்று கேட்டாள். எவனும் வரவில்லை என்பது உண்மைதான். அது ஆட்டத்தாலா, என் வாயாலா என்பது எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடம் என்ன படித்தேன் என்று நானாகச் சொன்னாலும் காதில் விழாத மாதிரி இருப்பாள். அவளைப் பொறுத்தவரை நான் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு தடவை அவள் என் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், இவள் ஆட்டக்காரி, என் மகள் என்று நாலு பேர் முன்னால் அவள் வாயால் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய படத்தைவிட அதற்குத்தான் ஏங்கினேன்.

போன வருடம் தோட்டத்துத் தலைவர், அவர்தான் கோயில் கமிட்டிக்கும் தலைவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எங்கள் ஹோட்டலுக்கு வந்தார். மேடையில் என்னைப் பார்த்துவிட்டார். சாவி கொடுக்கிற பிள்ளை சிவப்புப் பாவாடையோடு தரையை மிதித்ததைக் கண்டு, கையிலிருந்த கட்லட்டைக் கடிக்கவும் மறந்து நின்றார். பிறகு பின்பக்கமாக வந்தார்.

"புள்ள, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம கோயில் திருவிழாவுல ஒரு புரோகிராம் பண்ணிக் குடுங்க. போன வருஷம் மேஜிக்காரன வெச்சோம், கோழிய மறைச்சான், திரும்பக் குடுக்கல."

யாரிடமும் சொல்லாமல் ஊர் முன்னால் எப்படி ஆடுவது என்று நான் கேட்கவில்லை. உடனே சம்மதித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்து லயத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"திருவிழாவுல ஆடப்போறேன்மா. நீ வரணும்."

"அன்னைக்கு ரிசப்ஷன்ல லீவு குடுப்பாங்களா?"

"அம்மா!"

"வரத்தான் பாக்குறேன். ஆனா அன்னைக்கு எனக்கு முட்டி வலிக்கும்."

மூன்று வாரத்துக்குப் பிறகு வரப்போகும் வலியை இப்போதே எப்படிச் சொல்கிறாய் என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் இறங்கி வந்தேன். பஸ்ஸில் பசித்தது.

திருவிழா அன்று மதியம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். சுற்றிலும் வேப்பிலைத் தோரணம். நான் ஸ்பெயின் ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். நானாவின் கைங்கரியத்தால் கழுத்துவரை மூடிய சிவப்பு உடுப்பு அது, தோட்டத்தில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். காணவில்லை. அந்தக் கோபத்தோடுதான் ஏறினேன்.

பாட்டு தொடங்கி, நான் முதல் தடவை காலை ஓங்கி மிதித்ததும் கரண்ட் போனது. பாட்டு நின்றுவிட்டது. கை தூக்கியபடி சும்மா நின்றேன். கோயிலுக்கு மேளம் அடிக்க வந்திருந்த தப்புக்காரர்கள் நல்ல மனிதர்கள், ஒரு பெண் மேடையில் தவித்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தாங்களாகவே அடிக்கத் தொடங்கினார்கள். வேகமான அடி ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததிலேயே வேகமானது சாமி அழைக்கிற அடி.

நானும் ஆடினேன். கால் அதற்கு அழகாகப் பொருந்தியது. சுழன்றபோது கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. சிவப்பு உடுப்பு, விரிந்த தலை, கடுகடுத்த முகம், அதிர்கிற பலகை. முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து குலவை போட்டாள்.

"ஆத்தா எறங்கிட்டா!"

அவ்வளவுதான். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டு வந்து என் காலில் ஊற்றினாள். பலகை வழுக்கியது. இன்னொருத்தி, "அடியே, சாமி காலுல சப்பாத்தா!" என்று அலறிக்கொண்டு, நான் ஒரு காலைத் தூக்கிய நேரம் பார்த்து அந்தக் கால் ஷூவைக் கழற்றி எடுத்தாள். விழாமல் இருக்க நான் அவள் தலையைப் பிடித்தேன். அவள் ஆசீர்வாதம் என்று நினைத்து அழத் தொடங்கினாள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். மூக்குக்கு முன்னால் கற்பூரத் தட்டு.

"தாயே, லயத்துக்குத் தண்ணி பைப்பு எப்ப வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? மனு குடுங்க!" என்றேன் மூச்சு வாங்க.

"மனு குடுக்கச் சொல்றா ஆத்தா!" என்று பின்வரிசைக்குச் செய்தி போனது.

உண்மை தெரிந்த ஒரே ஆளான தலைவரை உதவிக்குப் பார்த்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "அடுத்த தடவையும் நான்தானே தலைவர், தாயே?" என்று குனிந்து கேட்டார். அவரைக் கண்டபடி திட்டினேன். ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் கற்பூரம் ஏற்றினார்கள்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். மடுவத்துக்குப் பின்பக்கம், பலா மரத்தடியில், யாருக்கும் தெரியாமல் நின்றிருக்கிறாள். நான்கைந்து பெண்கள் அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தார்கள். "ஒங்க மக மேல ஆத்தா வந்திருக்கா. விழுந்து கும்பிடுங்க அக்கா!"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. கூத்தாடியின் அம்மா என்ற பேச்சே இல்லை, சாமி இறங்கிய பிள்ளையைப் பெற்றவள் என்று தோட்டமே கையெடுத்துக் கும்பிடும். அவள் விழுந்து கும்பிட்டுவிட்டால் அதோடு என் கதை முடிந்தது, சாகும்வரை நான் அவளுக்கு ஆட்டக்காரி ஆகமாட்டேன். கும்பிடாதேம்மா என்று கத்தினேன், தப்புச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

அம்மா மேடை ஏறினாள். என் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கற்பூரத்த அணைங்க. இது சாமி இல்ல."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க, கண்ணால பாக்குறோமே!"

"பெத்தவ எனக்குத் தெரியாதா? மூணு வயசுல முட்டாசு வாங்கித் தரலன்னாலும் இவ இப்படித்தான் காலத் தட்டுவா. இவ ஆடுறா. ஹோட்டல்ல இவளுக்கு இதுதான் வேல. ரிசப்ஷன்னு ஒங்ககிட்ட சொன்னது நான்தான். அது பொய்."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா இத்தனை வருடம் கட்டிக் காத்த மானத்தைத் தன் வாயாலேயே உடைத்துக்கொண்டு நின்றாள். குலவை போட்ட கிழவி மட்டும் விடவில்லை.

"போனாப் போவுது, சாமின்னே இருக்கட்டுமே. ஒனக்குத்தானே கௌரவம்?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்படி இருக்கட்டும்? எம் மக யார் யார்கிட்டயோ போயி, ஏச்சு வாங்கி, கஷ்டப்பட்டுப் படிச்ச ஆட்டம் இது. அந்தப் பேரத் தூக்கி நான் சாமிக்குக் குடுப்பேனா?"

நான் அங்கேயே, எல்லோர் முன்னாலும், குழந்தை மாதிரி அழுதேன். தப்புக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பி, "ஏன் நிக்கிறீங்க? அடிங்க" என்றாள்.