கிணற்றில் நின்ற தண்ணீர்

கோவை கணபதியில் புரோக்கர் ஒருவர் எங்களுக்கு வீடு காட்டினார். கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது.

"கோடையிலயும் வத்தாதுங்க அம்மணி" என்றார்.

என் நகைகளை விற்றுக் கிரயம் முடித்தோம். குடிவந்த சில நாட்களிலேயே கிணறு வறண்டு பாறை தெரிந்தது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

"ஊடு பாக்க ஆள் வந்தா, முந்தின நாளே லாரித் தண்ணிய ஊத்திப்போடுவாங்க கண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றார்.

கடன் வாங்கி போர் போட்டோம். புழுதிதான் பறந்தது. என் கணவர் அங்கேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வீட்டை விற்கப் பார்க்கிறோம். வருகிறவர்களிடம், "பக்கத்து வீட்லயும் விசாரிச்சுக்குங்க" என்று நானே சொல்லி அனுப்புகிறேன். போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.