டிஸ்க் இல்லாத மெஷின்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் மேஜைகளில் இருந்த மெஷின்களுக்கு ஹார்டு டிஸ்க்கும் கிடையாது, பிளாப்பி போடும் இடமும் கிடையாது. சுவிட்சைப் போட்டால் சர்வரைத் தேடுவதாகத் திரையில் ஒரு வரி வரும். உள்ளே நெட்வொர்க் கார்டில் செருகியிருந்த ஒரு சின்ன சிப், கேபிள் வழியாகக் கூப்பிடும். முதலாளியின் ஏசி அறையில் இருந்த சர்வர் அதைக் கேட்டு, மெஷின் எழுந்திருக்கத் தேவையானதை அனுப்பிவைக்கும். அனுப்பாவிட்டால் எங்கள் முன்னால் இருப்பது வெறும் டப்பா.

விலை குறைவு என்பதற்காக மட்டும் முதலாளி அவற்றை வாங்கவில்லை. விற்க வந்தவர், "இதுல டிஸ்க்கே இல்லீங்க, யாரும் காப்பி எடுக்க முடியாதுங்க, உங்க டிசைன் ஒண்ணுகூடக் கேட்டைத் தாண்டாதுங்க" என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். எங்களைத் திருடிகள் என்று முடிவு செய்து வாங்கிய மெஷின்களின் முன்னால்தான் தினமும் உட்கார்ந்தோம்.

சர்வர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். காலையில் சர்வருக்குச் சந்தனம், குங்குமம், ஊதுபத்தி எல்லாம் உண்டு. அங்கிருந்து எங்கள் கூடத்துக்குக் கேபிள் வந்தது பெண்கள் கக்கூஸ் சுவரை ஒட்டி. தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ் அது. ஜன்னலுக்கு வெளியே சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடை. கேபிளை எலி கடித்தால் கோயம்புத்தூரிலிருந்து அன்றைக்கே ஆள் வந்துவிடுவார். தாழ்ப்பாள் போட மட்டும் ஆள் கிடைக்கவேயில்லை.

எனக்குப் பக்கத்து மெஷினில் தாராபுரம் ரோட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பஸ் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் கூடத்தைத் திறப்பது பெரும்பாலும் அவள்தான்.

ஒருநாள் காலையில் எந்த மெஷினும் எழுந்திருக்கவில்லை. எல்லாத் திரையிலும் சர்வரைத் தேடும் வரி அப்படியே நின்றது. வெளியே லாரியில் சரக்கு ஏறிவிட்டது. பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை. சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரரின் ஏஜென்ட் வேறு வந்துகொண்டிருந்தார். முதலாளி கூடத்துக்கு வந்தார், பின்னாலேயே அவர் மாப்பிள்ளையும்.

"சிப்பைக் கழட்டிப்போட்டாங்க" என்றார் முதலாளி. சிப் இல்லாவிட்டால் மெஷின் எழுந்திருக்காது என்று யாரோ சொன்னது மட்டும் அவர் மண்டையில் பதிந்திருந்தது.

"சிப் போனா அந்த ஒரு மெஷின்தானுங்க நிக்கும்" என்றேன். "எல்லாமே நிக்குதுன்னா கேபிள்லதானுங்க கோளாறு."

"நீங்க இருங்க கண்ணு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவளிடம் திரும்பினார். "ஏனுங்க கண்ணு, இன்னிக்கு நீங்கதான மொதல்ல வந்தீங்க? அந்தப் பையைக் கொஞ்சம் கொட்டிக் காட்டிப்போடுங்க."

அவர் யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதே மரியாதைக் குரலில்தான் இதையும் கேட்டார். அவள் அசையவில்லை. சூப்பர்வைசர் அம்மா பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். டிபன் டப்பா, சீப்பு, பர்ஸ் விழுந்தன. மாத நாட்களுக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த துணிகள் பேப்பர் பிரிந்து சிதறின. வாசலில் கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தத் துணிகளை ஷூ முனையால் தள்ளித் தள்ளி, அடியில் சிப் இருக்கிறதா என்று தேடினார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேபிளைப் பார்க்கக் கிளம்பினேன். அதன் இரண்டு முனையிலும் விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி மாட்டியிருக்கும். ஒன்று கழன்றால் போதும், மொத்த வரிசையும் செத்துப்போகும். கூடத்து முனையில் மூடி இருந்தது. கக்கூஸ் சுவரோரம் கேபிளும் நன்றாகவே இருந்தது. செருப்போடு ஏசி அறைக்குள் போனேன். சர்வருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு புது சோபா போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து மூடியைக் காணோம். அதே அறையில் மாப்பிள்ளையின் மேஜை மேல் ஆஷ்ட்ரே. சிகரெட் துண்டுகளுக்கும் வெற்றிலை எச்சிலுக்கும் நடுவில் மூடி கிடந்தது. சோபாவை நகர்த்த இடிக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் கிளம்பிய பிறகு திருகிக் கழற்றியிருக்கிறார்.

ஆஷ்ட்ரேயை அப்படியே தூக்கிவந்து முதலாளியின் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"நீங்க தேடுனது இதுல இருக்குதுங்க. மாப்பிள்ளை மேஜை மேல இருந்துச்சுங்க."

முதலாளி எட்டிப் பார்த்தார். "பார்த்துச் செய்யக்கூடாதுங்களா மாப்ள" என்றார், அவ்வளவுதான். பிறகு அவளிடம், "சரீங்க கண்ணு, எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு வேலையப் பாருங்க."

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கொட்டச் சொன்னது நீங்கதானுங்க. நீங்களே எடுத்து வையுங்க."

சூப்பர்வைசர் அம்மா குனிந்தார். "நீங்க தொடாதீங்க" என்றாள் அவள். கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஏஜென்ட் படியேறி வந்தால் நேராக இந்தக் கூடத்துக்குத்தான் வருவார். முதலாளி வாசலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் ஒவ்வொரு துணியாக எடுத்துப் பைக்குள் போட்டார். சீப்பையும் போட்டார். அவள் பையை வாங்கிக்கொண்டு, வந்த ஏஜென்டைக் கடந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

பனியன் வேஸ்ட் துணியால் மூடியைத் துடைத்து மாட்டினேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏஜென்டுக்குக் காபி கொடுத்து, எங்களிடம் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் இருக்கிறதென்று முதலாளி பெருமையாகக் காட்டினார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையாட்டினார். மத்தியானம் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். கிணற்றோரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வரச் சொல்லி உட்டாங்களா அக்கா?"

"ஆமா. சம்பளத்துல கொஞ்சம் சேர்த்துத் தர்றாங்களாம்."

"அந்தப் பையை அப்படியே அடுப்புல போட்டுட்டேன் அக்கா. டிபன் டப்பாவை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்ச்சுட்டே இருக்கறேன், இன்னும் மனசு ஒப்பல."

அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி நானும் கொஞ்ச நேரம் தேய்த்தேன். அந்த மாதம் முடிந்ததும் நானும் நின்றுவிட்டேன்.