கைவிடாத செல்லோ

வெளியூர் நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது என் மகளின் நால்வர் இசைக்குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியம் ஆளை விட்டுப் பிரியக் கூடாது. வண்டியின் கூரையிலும் ஏற்றக் கூடாது, டிக்கியிலும் போடக் கூடாது. இரண்டு வயலின்களும் அவற்றைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் மடியில் இருக்கும். செல்லோவும் வயலின் சாதிதான், ஆனால் ஏறக்குறைய ஆள் உயரம் என்பதால் என் மகள் அதை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கழுத்தைச் சுற்றி இடது கையைப் போட்டுக்கொள்வாள்.

ஆரம்பத்தில் ஒரு முறை பஸ்ஸின் பின்பக்கம் வைத்ததில் செல்லோவின் கழுத்தில் விரிசல் விட்டது. அதைச் சரிசெய்ய ஆள் சென்னையில்தான் இருந்தார். அது திரும்பி வரும்வரை நால்வரும் சும்மா இருந்தார்கள். வயலின் என்றால் யாரிடமாவது இரவல் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்து கள்ளக்குறிச்சி பக்கத்தில் இன்னொரு செல்லோ கிடையாது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வழக்கம். பஸ்ஸில் போனால் கண்டக்டர்கள் விடமாட்டார்கள். "இன்னா சார் இது, ஆளா? ஆளுன்னா டிக்கெட் எடுங்க" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். எடுத்தேன்.

நால்வரும் எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவர்கள். வயலின் இருவரும் மணலூர்பேட்டையில் கரும்பு போடும் குடும்பத்து அக்காவும் தங்கையும். வியோலா வாசிப்பவர் ரிஷிவந்தியத்துப் பையன், பகலில் செல்போன் கடையில் வேலை. படிப்பு முடிந்ததும் இதையே தொழிலாகச் செய்யப் போகிறோம் என்று நால்வரும் வந்து நின்றபோது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்றுதான் கேட்டேன். சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு, மாதச் சம்பளம் இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே தெரியாது.

கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். திருநாவலூர் பக்கம் ஒரு மண்டபத்தில் ஒரு பெரியவர் பொறுமையாக ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மேடைக்கு வந்து, "நல்லாத்தாம்மா இருக்குது, மேளக்காரங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார்கள். சாவு வீடுகளிலும் வாசித்தார்கள், அங்கே யாரும் மேளம் கேட்கவில்லை. பிறகு சென்னையில் ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் அங்கேயே ஒரு அரங்கத்தில், சினிமாப் பாட்டு எதுவும் இல்லாமல், மாலை முழுக்கத் தங்கள் சங்கீதத்தை மட்டும் வாசிக்க வாய்ப்பு வந்தது. இத்தனை வருடம் அவர்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

அதற்கு ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் போனார்கள். இறங்கி வரும்போது ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி எதிரே வந்தது. வேன் டிரைவர் ஓரம் கட்டினார். மழையில் ஊறியிருந்த ஓரம் உள்வாங்கியது. வேன் மெதுவாகத்தான் சாய்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எதையாவது பிடித்துக்கொள்ள நேரம் இருந்தது. நால்வரில் ஒருவரும் கம்பியைப் பிடிக்கவில்லை. வாத்தியத்தைப் பிடித்தார்கள்.

மற்ற மூவருக்கும் சிராய்ப்பு. என் மகளின் இடது கை செல்லோவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. லாரியில் வந்தவர்கள் அவளை வெளியே எடுக்கப் பார்த்தபோது, முதலில் செல்லோவை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, செல்லோவுக்கு ஒண்ணும் ஆவலப்பா." அதைக் கேட்டு ஒரு நொடி எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நொடி இன்னும் என்னை விடவில்லை.

முழங்கை எலும்பு சேர்ந்துவிட்டது. அதை ஒட்டி ஓடும் நரம்பு சேரவில்லை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்லை, தந்தியை அழுத்த முடியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். தினமும் காலையில் அவள் அந்த விரல்களை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பேப்பர் படிப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அரங்கத்துக்காரர்கள் ஒரு முறை தேதியைத் தள்ளிவைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, மூவரும் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூட ஒரு புதுப் பெண். புதுச்சேரியில் செல்லோ படிப்பவள். அவள் வாசிப்பது கல்லூரி வாத்தியம், வெளியே கொண்டுவர விடமாட்டார்களாம். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது.

வயலின் அக்காதான் பேசினாள். "இன்னொரு வாட்டி தள்ளி வெக்க மாட்டேன்றாங்க, அங்கிள். எப்டி கேக்கறதுன்னே தெரியல."

முடியாது என்றேன். அவள் கை சரியாகிவிடும், அதுவரை செல்லோ இங்கேதான் இருக்கும் என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. என் மனைவி என் தோளைத் தொட்டாள். திரும்பிப் பார்த்தால், உள்ளறையிலிருந்து மகள் செல்லோவை உறையோடு வலது கையால் இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. புதுப் பெண்ணிடம் தடித்த தந்தி மழைக்காலத்தில் சுருதி இறங்கும், முளையை அழுத்தித் திருகணும் என்று விளக்கினாள். கொஞ்சம் நிறுத்தி, "வண்டியில கட்டிப் புடிச்சிக்கினு உக்காராத. சாஞ்சா வுட்டுடு" என்றாள்.

மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

காரின் முன்சீட்டில் செல்லோவை நிறுத்தி, சீட் பெல்ட்டை அவளே இழுத்துப் போடப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை, நான் மாட்டினேன். வியோலாக்காரர் காரை எடுத்தார். பெண்கள் மூவரும் பின்சீட்டில். கார் கிளம்புவதற்குள் என் மகள் உள்ளே போய்விட்டாள்.

நல்லவேளை. தெருமுனையில் கார் திரும்பும்போது பார்த்தேன். புதுப் பெண் பின்சீட்டிலிருந்து இடது கையை முன்னால் நீட்டி, செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.