லிஃப்ட்காரரின் காணாமல் போன படம்

நாலாவது மாடியில் தனியாக இருந்த பெரியவருக்கு லிஃப்ட் என்றால் பயம். வெளியே சொல்ல வெட்கம். லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கட்டடத்துக்கு வரும்போதெல்லாம், "எனக்கும் மேல வேலை இருக்கு, வாங்க சார்" என்று அவரோடு ஏறிப்போய் விட்டுவிட்டுப் படியிறங்கி வருவார். மேலே மெக்கானிக்குக்கு ஒரு வேலையும் இருக்காது. இது அவர் மனைவிக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது வயசுக்கு மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், ஃபோனில் பாடம் பார்த்துப் பார்த்து, புரோகிராம் எழுதிப் படம் போடக் கற்றுக்கொண்டார். கோடு எங்கே போகலாம், எவ்வளவு வளையலாம் என்று விதியை மட்டும் இவர் எழுதுவார். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு வரையும். மாதக்கணக்கில் பாடுபட்டதில் ஒரு வட்டம் வந்தது.

"டம்ளரைக் கவுத்து வச்சு வரைஞ்சா இது வந்துருமே" என்றாள் மனைவி.

"வரும். ஆனா டம்ளர் தானா யோசிக்காது."

"நீங்க யோசிச்சாலே போதுங்க. டம்ளர் வேற எதுக்கு யோசிக்கணும்?"

கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. அவளுக்குப் பிடித்த ஒரு படத்தைத் தன் கையால் அங்கே மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அவள் லேசில் மசியவில்லை. கொசுவலை என்றாள், சிக்கு விழுந்த நூல்கண்டு என்றாள். ஒரு சாயங்காலம், மழைக்கு முந்திய காற்றில் புல் சாய்வதுபோல் திரையில் நீலக் கோடுகள் வந்து நின்றன. அவள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"இது நல்லா இருக்குங்க."

லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று ஊரையே திட்டித் தீர்த்தவர் அவர். சந்தோஷத்தில், "இரு, இதைவிட நல்லதாக் காட்டறேன்" என்று புதுப் படம் வரையும் பட்டனை மறுபடி அமுக்கினார். படம் போயே போய்விட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் உண்டு. அதைக் குறித்து வைத்தால்தான் அதே படம் திரும்ப வரும். நிறம் பூசும் அவசரத்தில் அந்தப் பாடத்தை மட்டும் அவர் தாண்டி வந்திருந்தார்.

அப்புறம் தினமும் தேடல்தான். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, நீதான் அடையாளம் சொல்லணும்" என்றார். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. கொடுக்க நினைத்தால் ஆண்டவன் எப்படியெல்லாம் வழி வைக்கிறான்.

நாளாக ஆக அவர் உடம்பு இளைத்தது. இருமிக்கொண்டே அவர் தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "இதேதாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபேச்சில்லாமல் பிரின்ட் எடுத்து மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது. கதவருகே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"செவுத்துல இருக்கறது அது இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ சொன்னியேன்னு சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் தேடலாம், என்ன?"