ஷீலா வர ஏற்ற மாதம்

அலோர் ஸ்டார் பேருந்து நிலையத்தில் ஷாமளா டிக்கெட் விற்கத் தொடங்கி இருபத்தெட்டு வருடமாகிறது. முன்பெல்லாம் பயணிகள் முகப்பில் குனிந்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பஸ் எத்தன மணிக்கு?" இப்போது ஆகஸ்ட் பிறந்து, கடலுக்கு அப்பால் காடு எரியும் புகை தலைநகர்வரை பரவத் தொடங்கிவிட்டால், "கே.எல்.ல புகை எப்படிக்கா?" என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். அவளும் கைப்பேசியில் காற்றின் தூய்மைக் குறியீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் அடிப்பாள். முதலாளி சொல்லி வந்த பழக்கமல்ல அது. ஷீலாவால் வந்தது.

இருவரும் பீடோங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பதினெட்டு வயதில் சுங்கைப்பட்டாணி சட்டைத் தொழிற்சாலையில் அடுத்தடுத்த தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார்கள். ஞாயிறு காலை கண் விழித்ததும் "எங்கடி போலாம்?" என்பதுதான் முதல் பேச்சு. எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறுவார்கள். ஷீலா கண்ணாடியைக் கடைசிவரை தள்ளிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்துக்கொள்வாள். கோல கெடாவில் உச்சி வெயிலில் மீன்குழம்பு ஊற்றிய லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, குடைகூட இல்லாமல் கடலோரம் சுற்றுவார்கள். வீடு திரும்பும்போது தலைமுடி புழுதியில் விறைத்திருக்கும். கிளம்பும் முன் காற்று எப்படி என்று கேட்டதாக ஷாமளாவுக்கு ஒருநாள்கூட நினைவில்லை.

கல்யாணமாகி ஷீலா தெற்கே தொலைவிலுள்ள சிரம்பானுக்குப் போனாள். ஆனாலும் வருடம் ஒரு தடவை விடுமுறையில் வந்துவிடுவாள்.

2015 செப்டம்பரில் கிளம்புவதற்கு முதல்நாள் அவள் போன் செய்தாள். "இங்க ஒரே புகைடி. மூச்சு வேற லேசா இழுக்குது. வரவா, வேணாமா?"

"ஒன்னும் ஆவாதுடி, வா. பஸ்ல ஏர்கோன் இருக்குலா."

ஈப்போவைத் தாண்டுவதற்குள் ஷீலாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஓட்டுநர் பேருந்தை நேராக மருத்துவமனைக்கு விட்டார். ஐந்து நாள் ஆக்சிஜனில் இருந்தாள். அடுத்த பேருந்தைப் பிடித்துப் போன ஷாமளா கட்டிலருகே நின்றாள். ஷீலாவின் மகன் யோகேந்திரன் மரியாதையாகத்தான் சொன்னான்: "இனிமே அம்மா தூரப் பயணம் வேணாம், ஆன்ட்டி."

மறு வருடம் ஏப்ரலில் ஷாமளா கூப்பிட்டுப் பார்த்தாள். அப்போது பக்கத்து ஊரான ஜித்ராவில் வெயில் தாங்காமல் பள்ளிகளையே மூடியிருந்தார்கள். 2019இல் மறுபடியும் புகை. பிறகு கோவிட். 2024இல் மீண்டும் அனல். ஒன்பது வருடம் போனிலேயே போயிற்று.

ஒருநாள் மத்தியானம், முகப்பில் கூட்டமில்லாத நேரம், ஷாமளா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினாள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகை. சில வருடம் அது ஜூனிலேயே வந்துவிடும். நவம்பர், டிசம்பரில் மழை, வெள்ளம். பிப்ரவரிக்கு மேல் வயல் அறுத்து வைக்கோலைக் கொளுத்துவார்கள். கூடவே வெயிலும் ஏறும், மே மாதம்வரை தணியாது. மிஞ்சியது ஜனவரியின் நடு இரண்டு வாரம். யோகேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, ஜனவரில அம்மாவ அனுப்பு. பஸ் வேணாம், ரயில். நாலு நாளைக்கு முன்னுக்க இருந்து நானே காத்து பாத்துச் சொல்றேன். கொஞ்சம் மோசம்னாலும் வேணாம்னு நானே சொல்லிருவேன்."

"நீங்க சொன்னா சரி, ஆன்ட்டி" என்றான் அவன். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கும் அவள் சொல்லித்தானே ஷீலா கிளம்பினாள்.

குறிப்பிட்ட நாளில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ரயிலிலிருந்து முகக்கவசமும் கைப்பையில் இன்ஹேலருமாக இறங்கிய ஷீலா, நடைமேடையிலேயே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். "வயக்காட்டு வாசம்டி!" என்று சிரித்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கோல கெடா போனார்கள். மீன்பிடிப் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்ததை ஷாமளா அப்போதுதான் வெளியே எடுத்தாள். "அன்னிக்கு நான் வான்னு சொல்லியிருக்கக் கூடாதுடி."

ஷீலா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் லா. பேக் கட்டி வச்சிட்டுதான் ஒனக்குப் போனே பண்ணேன்."

ஷாமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஷீலா அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். தொழிற்சாலை நாட்களில் வைத்த அதே அடி. பத்து மணி ஆனதும் வெயில் உறைக்கத் தொடங்கியது. முன்பு இந்த நேரத்தில்தான் பேருந்தைவிட்டே இறங்குவார்கள். இப்போது இருவரும் எழுந்து, ஒரே குடைக்குள் நெருக்கிக்கொண்டு, லக்சா கடை திறந்துவிட்டதா என்று பார்க்க நடந்தார்கள்.