ஸ்கேல் மேடமும் மூன்று மைலும்

என் மனைவிக்கு அவள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கேல் மேடம்’. நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இருபத்தோரு வருடம் குடித்தனம் நடத்திய பிறகு, வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார் என்று படுகிறது. ஜன்னலுக்குத் திரை வாங்குவதென்றால் மூன்று தடவை அளப்பாள். கடைக்காரர் ஆள் அனுப்பி அளந்தால், அவர் போனதும் நான்காவது தடவை அளப்பாள்.

விமான நிலையத்தில் ராடார் அறை அவளுடைய வேலையிடம். இறங்க வரும் விமானங்களை நாலா பக்கமிருந்தும் பொறுக்கி, உயரத்தையும் வேகத்தையும் குறைக்கச் சொல்லி, ஓடுபாதைக்கு நேராக ஒன்றன்பின் ஒன்றாக வரவைக்க வேண்டும். பேருந்து என்றால் ‘கொஞ்சம் நில்லப்பா’ என்று சொல்லலாம். விமானத்திடம் அது நடக்காது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே குறைந்தது மூன்று மைல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயரத்தில் ஆயிரம் அடி வித்தியாசம். இரண்டும் இல்லாமல் போனால், மோதாவிட்டாலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் கிடக்கட்டும், நடைமுறையைக் கேளுங்கள். திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்கினால் ஒரு பட்டனை அழுத்தி நடுவே கோடு போடலாம். தூரம் எண்ணாக வந்து விழும். ஆகவே புள்ளிகள் நெருங்கும்போது அந்த அறையில் எல்லோருக்கும் கூரையைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிடும். அளக்காத தூரம் மூன்று மைலாகவே இருந்துவிட்டுப் போகிறது. யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் ராடார் பதிவும் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். நடையில் ஒரு பலகை வேறு மாட்டியிருக்கிறார்கள், ‘சம்பவம் இல்லாத நாட்கள்’ என்று. நூறு ஆனால் எல்லோருக்கும் கேக், ஆளுக்கு ஒரு நாள் லீவு. எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்தே அந்தப் பலகையை ஏழு முறை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவள் என் மனைவி. அவளுடைய அறையில் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை.

எட்டாவது முறை பலகை தொண்ணூற்றேழில் இருந்தது. அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தேன் (நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்). அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு யாரு மாட்டினா?” என்றேன்.

“நான்தான்.”

பின்னால் வந்த விமானத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். விமானத்துக்கு ஒன்றாகக் காகிதச் சீட்டு வைத்திருப்பார்கள், குறைத்த வேகத்தை அதில் எழுதினாள். எழுதிவிட்டதால் விமானியிடம் சொல்லிவிட்டதாகவே நினைத்து அடுத்த விமானத்துக்குப் போய்விட்டாள். வாயால் சொல்லவே இல்லை. அந்த விமானம் பழைய வேகத்திலேயே வந்தது. நினைவு வந்து திருப்பிவிடுவதற்குள் இடைவெளி இரண்டே கால் மைல். பட்டனை அழுத்தி அளந்திருக்கிறாள், மகராசி.

“யாராவது பாத்தாங்களா?”

“யாரும் பாக்கலை.”

“விமானி ஏதாவது கேட்டாரா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கும்மா நீயே போய் தலையைக் குடுக்கிற? இன்னும் மூணு நாள் போனா கேக் சாப்பிடுவாங்க. உன்னை அந்த நாற்காலியில விட்டு வைப்பாங்களா?”

“இதே தப்பை அங்க எல்லாரும் பண்ணுவாங்க. எல்லாரும் எழுதிட்டுத்தான் பேசறோம். பேசிட்டு எழுதணும். அவ்வளவுதான் மாத்தணும்.”

அவள் எழுதியது இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் தன் தப்பு, இரண்டாவது பக்கத்தில் அதற்கு மாற்று. நான் அன்று சாப்பிடாமல் எழுந்தேன். பட்டினி கிடந்தால் மனம் மாறுவாள் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

அவளுடைய தலைமை அதிகாரி மிகவும் இனிமையான மனிதர். கத்தவே மாட்டார். “மேடம், ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. கொஞ்ச நாள் கீழ ரெக்கார்டு ரூம்ல இருங்க” என்று அனுப்பிவிட்டார். பதினேழு வருடம் விமானங்களை இறக்கியவள் கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தை வைத்து அவளை இறக்கினார்கள். இரண்டாவது பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. வீட்டில் அவள் அளப்பதையும் விட்டுவிட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

எட்டு மாதம் போனது. பலகை இருநூற்று நாற்பதைத் தொட்டது. இரண்டு கேக் வெட்டினார்கள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் விமானத்தில் வந்து இறங்கினாள். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்தாள்.

“அப்பா, இறங்கற நேரத்துல சடார்னு ஒரு பக்கமா திருப்பி மேல ஏத்திட்டாங்க. முன்னாடி போன பிளேன் ஜன்னல்ல தெரிஞ்சுது. வால்ல இருந்த படத்தைக்கூடப் பாத்தேன். பக்கத்து சீட்டு மாமா காப்பி முழுக்க என் மேலதான்.”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். என் மனைவி சிரிக்கவில்லை. ராடார் அறையில் இன்னும் அவளிடம் பேசும் ஒரே தோழிக்கு போன் போட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சீட்டுல வேகம் எழுதியிருக்குக்கா,” என்றாள் தோழி. “வாயால சொல்லலை.”

“எவ்வளவு தூரம் வந்துது?”

“யாரும் அளக்கலைக்கா.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“பலகை இன்னும் ஓடிட்டுதான் இருக்குக்கா.”

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த இனிமையான மனிதர் மேலா, கேக் தின்றவர்கள் மேலா, அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போன என் மேலா?

“நீ எழுது,” என்றேன் அவளிடம். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் முறை.

“நான் எழுதினா பழைய வன்மம்னு ஓரமா வச்சிடுவாங்க. பயணி எழுதினா பதிவை அழிக்க முடியாது. எடுத்துப் பாத்தே ஆகணும்.”

பயணிகளுக்கான படிவத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். மகள் ஈரத் தலையோடு வந்து கையெழுத்துப் போட்டாள். மற்றதை நான் நிரப்பினேன். தேதி, நேரம், இருக்கை எண் எல்லாம் எழுதியாயிற்று. ‘விமானங்களுக்கு இடையே இருந்த தூரம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனைவியைப் பார்த்தேன்.

“தெரியாது. அளந்து சொல்லவும்,” என்று எழுதினேன்.